இருக்கிறார்

நோட்டில் அந்தக் கட்டம் சின்னது.
ஒரு சொல்லுக்கு மேல் கொள்ளாது.
முதல் மாதம்: இருக்கிறார்.
இரண்டாம் மாதம்: இருக்கிறார்.
பலவேசத்தைப் பற்றி மேலிடத்துக்கு
அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

பதினோரு வருஷம் ஜங்ஷனில்
ஈரடுக்குப் பாலத்தின் அடியில்
தூணுக்கு முதுகு கொடுத்துப் படுத்தவர்.
விண்ணப்பத்தில் நிலையான முகவரிக்கு
என்ன எழுத என்று கேட்டபோது
'மூணாம் தூணு, கிழக்க பாத்து' என்றார்.
கேலி இல்லை. வழி சொன்னார்.

வீடு தேடிய கதை தனி.
பேட்டையில் ஒருவர்
'தனி ஆம்பிளையா?' என்றதோடு சரி.
குறிச்சியில் ஒருவர்
எந்த ஊர் என்று ஆரம்பித்து
சொந்தக்காரர் யார் யார் என்று சுற்றி
கேட்க வந்ததைக்
கேட்காமலே கேட்டார்.
தச்சநல்லூரில் சாவியைக் கையில் தந்துவிட்டு
மறுநாள் போன் போட்டுத் திரும்ப வாங்கினார்கள்.

மேலப்பாளையத்தில் மைமூன் பீவி
பீடி இலை வெட்டிக்கொண்டே
ஒரு கேள்விதான் கேட்டார்:
'தண்ணி வர்ற அன்னைக்கு
என் குடத்தையும் மேல ஏத்துவாராம்மா?'
நயினார்குளம் மார்க்கெட்டில்
வெங்காய மூடை தூக்குகிறவர் என்றேன்.
அப்பச் சரி, என்றார்.

முதல் வாரம் அவர் உள்ளே படுக்கவில்லை.
மாடிப்படியில் கிடந்தார்.
'கதவச் சாத்துனா
லாக்கப்புல வச்ச மாரி இருக்கு.'
இரண்டாம் வாரம் உள்ளே. கதவு திறந்தபடி.
நாகர்கோவில் வண்டி போகிற நேரத்துக்கு
அமைதி வந்து உலுப்பி எழுப்புகிறதாம்.
தலைக்கு இன்னும் செருப்புதான்.
நான் வாங்கிக் கொடுத்த தலையணையை
பாலிதீன் பிரிக்காமல்
ஆணியில் மாட்டியிருந்தார்.

மூன்றாம் மாதம் போனேன். பூட்டு.
'நேத்து ராத்திரியே ஆளைக் காணலியே.'
நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
படியில் உட்கார்ந்தேன்.
இல்லை என்று எழுதினால்
அடுத்த மாத வாடகைக்குப் பணம் வராது.
எழுதிய பெயர்கள் ஏற்கெனவே உண்டு என்னிடம்.
வெயிலுமுத்து, பதினெட்டு நாள்.
சொர்ணத்தாய், நாலு மாதமும் ஒரு பொங்கலும்.
அறையைக் கூட்டிப் பெருக்கி
சாவியை உப்பு டப்பாவில் போட்டுவிட்டுப்
போயிருந்தாள்.

ஜங்ஷனுக்குப் பஸ் ஏறினேன்.

மூணாம் தூணடியில்தான் உட்கார்ந்திருந்தார்.
எனக்குக் கால் விட்டுப்போயிற்று.
பக்கத்தில் உச்சிமாகாளி,
வெள்ளம் வந்த மார்கழியில்
இவர் தோளில் கிடந்து பிழைத்த ஆள்,
காய்ச்சலில் சுருண்டு.
பலவேசம் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

'வீட்டுக்கா போய்ட்டு வாரிய?'

வீட்டுக்கா.
மூன்று மாதமாக ரூமு, ரூமு என்றவர்.

'பூட்டிக் கெடந்திருக்குமே.
சொல்லிட்டு வந்திருந்தா
ஒரு கலரு வாங்கி வச்சிருப்பேன்லா.'
அரைஞாண் கயிற்றில் சாவி
இருக்கிறதா என்று தடவிக்கொண்டார்.

பதினோரு வருஷம்
யார் தேடினாலும் இருந்த மனுஷன்.
போலீஸ் தேடினாலும், கொசு தேடினாலும்.
ஒருவர் வந்து கதவைத் தட்டி
ஆள் இல்லை என்று திரும்பிப் போனது
இதுதான் முதல் தடவை.
அதில் அவருக்கு வருத்தம்தான்.
கொஞ்சம் மிதப்பும் தெரிந்தது.

'இவனையும் அங்க வச்சிக்கிடவா?
பாய் கெடக்கு. தலையாணியும் புதுசா இருக்கு.
பீவிகிட்ட நீங்கதான் பேசணும்.'
ஒரு அறைக்கு ஒரு ஆள் என்று ஒப்பந்தம்.
காய்ச்சலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.
பார்ப்போம் என்றேன்.
பார்ப்போம் என்றால் என்ன என்று
தெரியாதவர் இல்லை அவர்.
கஞ்சியைத் திரும்பவும் ஆற்றத் தொடங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் ஆட்டத்தோடு எழுதினேன்:
வெளியே போயிருக்கிறார்.
இரண்டு சொல். கட்டம் கொள்ளவில்லை.
கடைசி எழுத்துகள் கீழே இறங்கி
அடுத்த ஆளின் வரிக்குள் போய்விட்டன.

அந்த வரி
இன்னும் காலியாகத்தான் இருந்தது.