பி.ஆர். சைபர்

மண்டபம் ஐஸ் கம்பெனி சர்வரை
கீழக்கரையில் என் கட்டிலில் சாய்ந்தபடியே
கொன்றேன், இரவு பதினொன்று நாற்பதுக்கு.

அந்தப் பெட்டிக்குள் மூன்று பெட்டிகள்.
ஒன்று கணக்கு, ஒன்று கேமரா,
ஒன்று அமோனியாக் குழாயின் குளிரை
நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைப்பது.
தகரமில்லை, திருகில்லை,
மெய்நிகர் கணினிகள்.
நினைவகம் கேட்டுப் பசிப்பது மட்டும் நிஜம்.

அதுவரை மூன்றுக்கும்
கேர் ஆஃப் ஐஸ் கம்பெனிதான் விலாசம்.
எழுதினால் பதில் வரும்.
வெளியிலிருந்து யாரும் நேராய் வந்து
கதவைத் தட்ட முடியாது.
எடைமேடை டேப்லெட் கணக்கோடு பேசவேண்டும் என்றார்
முதலாளி நம்புகுமார்.
"அப்ப மூணுக்கும் தனித்தனிக் கதவு நம்பர் வேணும்."
"வரி கூடுமா?"

பாலம் என்றதும் பாம்பனை நினைக்காதீர்கள்.
இது கப்பலுக்கு வழிவிடாது,
காற்றுக்குப் பயந்து ரயிலை நிறுத்தாது.
தூண் இல்லை. நாலு வரியில் எழுதிவிடலாம்.
பெயர் பி.ஆர்.சைபர்.
ஒரே ஒரு நிபந்தனை:
பாலம் வந்த பிறகு
நெட்வொர்க் அட்டை தன் முகவரியை வைத்துக்கொள்ளக் கூடாது.
அது இனி வெறும் படித்துறை.
எண், வாசல், வெளியூர் வழி
எல்லாம் பாலத்தின் பெயருக்கு மாறவேண்டும்.

நான் எழுதிய கோப்பில்
முகவரி வரி அட்டைக்கு அடியிலேயே நின்றது,
வீடு காலி பண்ணினது தெரியாமல்
பழைய வாசலில் நிற்கும் தவணைக்காரன் மாதிரி.

'முயன்று பார்' என்று ஒரு கட்டளை உண்டு.
நூற்றிருபது விநாடி காத்திருக்கும்,
நாம் பதில் சொல்லாவிட்டால்
பழையபடி தானே திரும்பிவிடும்.
நான் 'செய்' என்றேன்.

கர்சர் அப்படியே நின்றது.
அதற்குப்பின் தட்டிய எந்த எழுத்தும் கரையேறவில்லை.

வாட்ச்மேன் சேதுபாண்டிக்குப் போன் போட்டேன்.
"பெட்டியில பச்சை லைட் மினுங்குதா?"
"மினுங்குதும்மா, நல்லாத்தான் இருக்கு."
"அதாண்ணே பிரச்சினை."

விடியுமுன் லாஞ்சுகள் ஐஸ் ஏற்ற வரிசை கட்டும்.
தம்பி ஜுனைது முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.
பெரியபட்டினம், புதுமடம், உச்சிப்புளி.
உடைமரங்களுக்குமேல் கச்சான் காற்று.
ஹெல்மெட்டுக்குள் மணல்.
வழி நெடுக அந்தக் கோப்பை
மனசுக்குள் ஏற்றி இறக்கி வாசித்தேன்.
வேதாளை வரும்போது
தவறு எந்த வரி என்று தெரிந்துவிட்டது.
தெரிந்து என்ன செய்ய,
விரல் அங்கே இல்லையே.

மீன்பெட்டி இரண்டை அடுக்கி அதன்மேல் மானிட்டர்.
கீபோர்டில் யாரோ தேநீர் சிந்தியிருந்தார்கள், பேக்ஸ்பேஸ் ஒட்டியது.
ஒரு வரியை வெட்டி
ஆறு வரி கீழே ஒட்டினேன்.
இந்த முறை 'முயன்று பார்'.

பாலம் எடுத்ததும் கடத்தாது.
பதினைந்து விநாடி கேட்கும்,
யாராவது வட்டமாய்ச் சுற்றிவிடுகிறார்களா என்று.
இன்னொரு பதினைந்து, யார் எந்தப் பக்கம் என்று கற்கும்.
அந்த அரை நிமிடம்
கம்ப்ரசர் சத்தம், ஜுனைதின் கொட்டாவி,
வடகடலில் எவனோ என்ஜின் கிளப்பிப் பார்க்கிறான்.

பிறகு ஒவ்வொன்றாக எழுந்து
ரூட்டரிடம் இடம் கேட்டன.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
மூன்றாவது கொஞ்சம் தயங்கி, நாற்பத்துமூன்று.

எட்டிப் பார்த்த சேதுபாண்டி
"செத்துப்போச்சுன்னீங்களே?" என்றார்.

குளிர் எழுதும் பெட்டியைத் திறந்து காட்டினேன்.
பதினொன்று நாற்பது, மைனஸ் ஒன்பது.
நாற்பத்தொன்று, மைனஸ் ஒன்பது.
நான் உச்சிப்புளி தாண்டிய நேரம், மைனஸ் ஒன்பது.
நான் வாசலில் செருப்பைக் கழற்றிய நேரம்,
கதவு திறந்ததால் இருக்கும்,
மைனஸ் எட்டரை.