பாதி விளக்கு

தொப்பூர்க் கணவாயை மூன்று வருஷம்
பஸ்ஸுக்குப் பின்னால் நடந்துதான் ஏறினேன்.
கையில் பூண் போட்ட புளியங்கட்டை.
வண்டி மூச்சுமுட்டி நிற்கிற இடத்தில்
பின்சக்கரத்துக்கு அடியில் தள்ள வேண்டும்.
தவறினால் இருபது பேரும்
வந்த வழியே சேலத்துக்குப் போவார்கள்,
டிக்கெட் இல்லாமல்.

பெட்ரோலெல்லாம் சண்டைக்குப் போயிருந்தது.
எங்களுக்குக் கரி.
கோழி கூவுமுன் உலையின் காற்றாடியைச் சுற்றுவேன்,
டிரைவர் பவுல்ராஜ் தீக்குச்சியை நீட்டி
குழாய் வாயில் நீலம் பிடிக்கிறதா பார்க்கும்வரை.

ஏற்றத்தில் எல்லாரும் இறங்குவார்கள்.
வாய்தா வாங்கித் திரும்பும்
வாதியும் பிரதிவாதியும்
ஒரே தகரத்தில் தோள் கொடுத்தார்கள்.
அந்த மூன்று வருஷமும்
ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை.
சாவதற்கும் கொஞ்சம் வேகம் வேண்டுமே.

ஆகாய விமானம் வருமென்று உத்தரவு.
முகவிளக்கில் பாதிக்குக் கறுப்பு.
நான்தான் அடித்தேன்.
தருமபுரிக்கு மேலே
கொக்குகள் போயின.

சண்டை முடிந்தது.
முதலாளி நஞ்சுண்டையா
உலையைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டார்.
பட்டாளம் ஏலம்விட்ட லாரிகள்
பச்சை மாறாமல் இறங்கின கணவாயில்.
எங்கள் பஸ்ஸும் ஓடப் பழகிக்கொண்டது.
கட்டை ஸீட்டுக்கு அடியில்.
நான் படியில் தொங்கி விசிலடித்தேன்.

விளக்கைச் சுரண்டுடா என்றார் பவுல்ராஜ்.
வலப்பக்கம் முடிந்தது.
இடப்பக்கம் தொடங்கும்போது
பிளேடு மழுங்கிவிட்டது.
நாளைக்கு, என்றேன்.
பங்குனி வரைக்கும்
நாளைக்கு.

இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது
மாதையனின் புளி வண்டி.
அச்சில் லாந்தர் தொங்கியது, துடைத்துப் பளபளவென்று.
எண்ணெய்தான் இல்லை.
மடியிலிருந்த ரேஷன் சீட்டில்
அந்த வாரத்துக்கு முத்திரை விழுந்திருந்தது.

சாலையெங்கும் புளி.
ஒரு மாடு எழுந்து நின்றது.
எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.
நான் விளக்கின் முன் குத்தவைத்து
கட்டையின் பூணால்,
பிறகு நகத்தால்
சுரண்டிக்கொண்டிருந்தேன்.

கச்சேரியில் வேகம் எவ்வளவு என்றார்கள்.
ஹாரன் அடித்தீர்களா.
மாட்டுவண்டிக்கு விளக்கில்லை, அது குற்றம்தானே.
பஸ் விளக்கு?
நன்றாக எரிந்தது, இரண்டும், என்றேன்.
பொய்யில்லை.
இன்ஸ்பெக்டர் மறுநாள் வந்து பார்க்கும்போது
இரண்டும் நன்றாகவே எரிந்தன.

ஐம்பது ரூபாய் அபராதம்.
பவுல்ராஜ் எண்ணிக் கட்டினார்.
வெளியே வந்து
என் விரல்களை ஒருமுறை பார்த்தார்.
ஏறு, என்றார்.

திரும்பும் ஏற்றத்தில்
நிறுத்தச் சொல்லிக் கட்டையோடு இறங்கினேன்.
பஸ் என்னை விட்டு ஏறிப்போனது,
அதற்கு இப்போது கட்டை தேவையில்லை.
பின் கண்ணாடி வழியே
யாரோ சிரிப்பது தெரிந்தது.
உச்சிவரை நடந்தேன்.
அங்கே பவுல்ராஜ்
எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.