பதினாறு பாட்டில்

கன்னியக்கோயில் தாண்டி, முள்ளோடைக்கு முன்னால்
மூடிக் கிடக்கும் பங்க்.
லிட்டருக்குச் சில ரூபாய் குறைவென்று
கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டி வந்து
வண்டியோடு வரிசையில் நின்ற இடம்.
இப்போது குழி.

நேற்றே தொட்டிக்குள் தண்ணீர் விட்டு
ஆவியை விரட்டிவிட்டார்கள்.
யாரும் பீடி பற்றவைக்கக் கூடாதென்று
கிரேன் இருதயசாமி நூறு முறை சொன்னார்;
சொல்லும்போதெல்லாம் அவர் கை
சட்டைப்பையைத் தொட்டுத் திரும்பியது.

இன்று காலை பத்தே முக்காலுக்குச் சங்கிலி இறுகியது.
மண் சட்டென்று விடவில்லை.
சேற்றில் மாட்டிய காலை உருவும் சத்தம்.
பிறகு அந்தரத்தில் தொங்கியது தொட்டி,
வெயிலுக்குக் கண் கூசும் எருமை போல.

என் வேலை அதற்குப் பிறகுதான்.
அது படுத்திருந்த தடத்தில் நான்கு மூலை, நடு,
குழாய் போன வழி.
பாட்டிலின் வாய்வரை மண்ணை அடைக்க வேண்டும்;
கொஞ்சம் இடம் விட்டாலும்
ஆவி வந்து உட்கார்ந்துகொள்ளும்.
ஒரு மீட்டர்: மஞ்சள் மணல், வாடை இல்லை.
ஒன்றரை: ஈரம், லேசாக.
இரண்டே கால்: சாம்பல் பச்சை.
அதற்கு மேல் எழுதுமுன்னே மூக்கு சொல்லிவிட்டது.
அடியில் ஊற்று கசிந்து
மயில்கழுத்து நிறத்தில் பளபளத்தது.

தொட்டியை உருட்டிப் பார்த்தார்கள்.
துரு எங்கும் இருந்தது, ஓட்டை ஒன்றுதான்.
சுண்டுவிரல் நுழையும்.
விளிம்பு வழவழப்பாக, தேய்ந்தது போல.
அதற்கு நேர் மேலே
டிப் கம்பி இறக்கும் குழாய்.

தினம் காலை ஆறு மணிக்குக்
கம்பியை இறக்கி, டக் என்று கேட்டதும் உருவி,
ஈரம் எதுவரை என்று நோட்டில் எழுதுவது.
இருபத்தேழு வருஷம்.
அதே இடம், அதே டக்.
எவ்வளவு இருக்கிறதென்று தட்டித் தட்டிக் கேட்டே
போவதற்கு வழி திறந்திருக்கிறார்கள்.

"தினம் பதினோரு லிட்டர் இடிக்கும் கணக்குல"
என்றார் அருள்ஜோதி, முதலாளியின் மகன்,
குழியைப் பார்த்து.
ராத்திரி ஷிப்ட் கலிவரதனை
அப்பா நிறுத்தியது அதற்காகத்தானாம்.
சட்டையை வாங்கி மோந்து பார்த்தாராம்,
பெட்ரோல் வாடை அடித்ததாம்.

"பங்க்ல நிக்கிறவன் சட்டையில
பின்ன மல்லிகைப்பூவா மணக்கும்?"
கிரேன் மேலிருந்து இருதயசாமி கேட்டார்.
"அவன் போனப்புறம் இடிக்கலையா?"

அருள்ஜோதி செல்போனில் எதையோ தேடினார்.
நெடுநேரம் தேடினார்.
"எவ்ளோ தூரம் போயிருக்கும்?"
நான் பெட்ரோலைச் சொல்கிறார் என்று நினைத்து
நிலத்தடி நீர் கிழக்கே சாய்கிறது, கடல் பக்கம்,
ஏழு நாளில் ரிப்போர்ட் என்றேன்.
"பண்ருட்டி கமிட்டியில மூட்டை தூக்குறதா
யாரோ சொன்னாங்க" என்றார்.

சாயங்காலம் ஐஸ் பெட்டியோடு கடலூர் பஸ்.
ஆல்பேட்டைச் சாவடியில் மதுவிலக்குப் போலீஸ் ஏறினார்.
"பெட்டியில என்னம்மா?"
"பாட்டில்."
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
"எத்தனை?"
"பதினாறு."
"தைரியம்தான். தெற."

ஐஸுக்கு நடுவே வரிசையாக மண்.
ஒன்றை எடுத்து விளக்கடியில் ஆட்டினார்,
உள்ளே எதுவும் ஆடவில்லை.
பாட்டிலை மோந்தார். என் துப்பட்டாப் பக்கம்
மூக்கைத் திருப்பினார்.
"பெட்ரோல் வாடை அடிக்குதே."
"அடிக்கும் சார்."

மூடியைத் திருகப் போனார்.
அவர் விரல்மேல் என் விரலை வைத்தேன்.
"தெறந்தா பறந்துடும் சார்.
அப்புறம், ஒண்ணுமே போகலைன்னுதான்
ரிப்போர்ட் வரும்."