மூன்றாம் அணியின் ஆட்டத்தாள்கள்

பெரிய மேதைகளின் ஆட்டங்களில்
எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
தவறு வாசற்படி ஏறும் முன்பே
கைகொடுத்து எழுந்து போய்விடுகிறார்கள்.
ஏன் தோற்றார் என்று
தாள் சொல்வதில்லை.

அதனால் செவ்வாய்க்கிழமைகளில்
பார்மன் சங்கத்து இரும்பலமாரியைத் திறந்து
மூன்றாம் அணியின் பழைய தாள்களை
பிஸ்கட் டப்பாவோடு எடுத்துப்போகிறேன்.
வூப்பர்டாலில் ரயில்
தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு போகும்,
அதற்கும் கீழே ஆறு.
மருந்துக் கிடங்கில் ஷிஃப்ட் முடிந்து வரும் என் மடியில்
காந்தப் பலகை.
ஒவ்வொரு வளைவிலும் பெட்டி சாயும்.
காய்கள் அசைவதில்லை.

தபால்காரர் டீக்ஹோஃப்
ஓரச் சிப்பாயை முன்னே தள்ளுவார்,
வானம் பார்க்காமல் குடை எடுப்பவர் போல, எல்லா ஆட்டத்திலும்.
அது காவல் காத்த கட்டத்தில்
பத்து நகர்த்தலுக்குப் பிறகு
ஒரு குதிரை வந்து குடியேறும்.
வாடகை கேட்க ஆளில்லை.

பல் கிளினிக்கில் வேலை பார்க்கும் உல்ரிகே
ராணியை முதலில் இறக்கிவிடுவாள்.
அவளுடைய ஒரு யானை முப்பதாம் நகர்த்தல் வரை
மூலையிலேயே நிற்கும்,
கல்யாண வீட்டில் யாரும் பந்திக்குக் கூப்பிடாத
ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி.

இந்த மொழியில் சிப்பாய்க்கு உழவன் என்று பேர்.
மந்திரி ஓட்டக்காரன். யானை வெறும் கோபுரம்.
'ஒரு உழவனைக் கொடுத்து நேரம் வாங்கினேன்'
என்று டீக்ஹோஃப் சொன்னால்
முதல் வருடம் எனக்குத் திக்கென்றிருக்கும்.

சில தாள்களில்
ஒரு குதிரை ஆறு நகர்த்தலாய்ச் சும்மா கிடக்கும்,
காப்பில்லாமல், எடுத்துக்கொள் என்று.
எதிராளி பார்க்கவில்லை.
வைத்தவரும் பார்க்கவில்லை.
ஏழாவதில் பத்திரமாய்த் திரும்பிவிடும்.
அங்கே பென்சிலை நிறுத்திக் கொஞ்சம் சிரிப்பேன்.
பிறகு என் கணக்கில் இப்படி எத்தனையோ என்று
சிரிப்பை நிறுத்துவேன்.

போன மாதம் ஒரு தாள்.
பெயர் இருந்த மூலையில் காப்பிக் கறை.
பன்னிரண்டில் இரண்டு சிப்பாய்கள்
மூலைக்கு மூலை முறைத்து நின்றன.
அப்படியே விட்டிருந்தால்
வெள்ளைதான் வியர்த்திருக்கும்.
கறுப்பு வெட்டியது.
பதினைந்தில் மந்திரிக்கு மந்திரி.
பத்தொன்பதில் ராணிக்கு ராணி.
முடிச்சு என்று ஒன்று கண்ணில் பட்டால்
உடனே கத்தரியைத் தேடும் கை.
ஓரத்தில் எழுதினேன்:
'சண்டை வரக்கூடாது என்று சண்டைக்கு வந்தவர்.'
அதற்குக் கீழே, இன்னும் அழுத்தி:
'வெல்லும் நிலையில் சமாதானம் கேட்டிருக்கிறார். அசடு.'

அப்புறம்தான் எண்களைப் பார்த்தேன்.
இந்த ஊரில் ஏழுக்கு இடுப்பில் கோடு போடுவார்கள்.
ஒன்றுக்கு நீண்ட மூக்கு உண்டு.
இந்தத் தாளின் ஏழுக்கு இடுப்புக்கோடு இல்லை.
ஒன்று ஒற்றைக் குச்சி.
சங்கத்தில் அப்படி எழுதுகிறவள் ஒருத்திதான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முந்தைய நான்.
'அசடு' என்பதை அழிக்க ரப்பரைத் தேடினேன்.
கிடைத்தது.
அழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரெம்ஷைட் அணியோடு ஆட்டம்,
ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில்.
பதினான்கில் சிப்பாய்கள் முறைத்துக்கொண்டன.
வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன்.
கை மரத்துப்போயிற்று.
ஹீட்டர் டொக் டொக்கென்றது.
எதிரே இருந்தவர்
மூக்குக்கண்ணாடியை மூன்றாம் முறை துடைத்தார்.

நாற்பத்தொன்றில் தோற்றேன்,
முற்றிலும் வேறொரு மடத்தனத்தால்.
ஆனால் பதினான்கிலிருந்து இருபத்திரண்டு வரை
தாளில் ஒரு வெட்டுக்குறிகூட இல்லை.

நகலைப் பிரித்து டப்பாவில் போட்டேன்,
பெயர் தெளிவாக இருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துக்கொண்டு.