எச்சம்

கெஸீனெ நோவாக் தன் மொழியிலிருந்து
முதலில் நீக்கிய சொல் 'பிறகு'.

கழுவிய சிலிக்கன் தட்டு
காற்றில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும்
தன்மேல் தானே ஒரு தோலை வளர்த்துக்கொள்ளும்.
கண்ணுக்குத் தெரியாது. உலைக்குத் தெரியும்.
அதனால் அவள் மொழியில்
எத்தனை நிமிடத்துக்குள் என்று சொல்லாமல்
'காத்திரு' என எழுத முடியாது.
எழுதினால் அந்த வரி
தொழிற்கூடத்தை எட்டுமுன்னே செத்துப்போகும்,
டிரெஸ்டனின் வடகோடியில், அவள் மேசையில்,
ஆறிப்போன காபிக்குப் பக்கத்தில்.

அடுத்து 'ஏறக்குறைய' போயிற்று.
'முடிந்தால்' போயிற்று.
'வழக்கம்போல்' போனபோது
இரவுப்பணி ரோமி பெச்கெ மட்டும்
முகக்கவசத்துக்குள் சிரித்தாள்.

கழுவி, உலர்த்தி, பூசி, ஒளி காட்டி,
அரித்து, சுட்டு, அளந்து, மறுபடி கழுவி,
மூன்று மாதம்
எழுநூறு எச்சங்கள் வரிசையில் நிற்கின்றன
ஒரே ஒரு முற்றுக்காக.
நடுவில் ஒன்று தடுமாறினால்
மிஞ்சுவது வேறு வகை எச்சம்.

பிப்ரவரியில், பழுது பார்த்த பதினான்காம் உலைக்குள்
இருபத்தைந்து தட்டுகள் போயின.
எல்லா நிமிடங்களும் சரி. எல்லா வாயுக்களும் சரி.
பிழை எதுவுமில்லை என்றது திரை;
பொய் சொல்லவில்லை.
இருபத்தைந்தின் மேலும் படலம் மெலிந்திருந்தது.

வெள்ளை உடுப்புக்குள் கண்கள் மட்டுமாய்
இருவரும் உலைக்கு முன்னால்.
"கதவைத் திறந்து மூடினால் முதல் சுற்றில் அது இப்படித்தான்.
வெற்றுத் தட்டு ஒன்றை விட்டுப் பார்ப்பேன், வழக்கம்போல்."
"ஏன் சொல்லவில்லை?"
"உன் மொழியில் எப்படிச் சொல்வது?"

எத்தனை நிமிடம் என்று கேட்க வாயெடுத்து
கெஸீனெ நிறுத்திக்கொண்டாள்.

மறுவாரம் சொற்பட்டியலில்
நாற்பத்தொன்றாவதாக வந்தது: வெள்ளோட்டம்.
கதவு திறந்த எந்த உலைக்கும்
அது நடக்காமல் அடுத்த வரி ஓடாது.
குழுவில் இருவர் எதிர்த்தார்கள்.
ஒரு தட்டு வீண், அரை இரவு வீண்,
காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது.
தெரியாதுதான், என்று ஓரக் குறிப்பில் எழுதினாள்.
அந்த ஒரு வரியை மட்டும்
எந்த இயந்திரமும் படிக்காது.

வெளியே பனி. ஏழாம் எண் டிராம்
நான்கு நிமிடத்தில் என்கிறது பலகை.
பத்து நிமிடமாக
நான்கு நிமிடத்தில் என்றே சொல்கிறது.
கைகளைச் சட்டைப் பையில் திணித்து
கால் மாற்றி, கால் மாற்றி,
பக்கத்தில் ரோமி,
தண்டவாளத்தைப் பார்க்காமலே:
"வரும்."