கீழ்வரி

வினிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கலைக்கூடத்தில் புதன்கிழமைப் படம் இலவசம்.
கோட்டைக் கழற்றிக் கொடுத்தால்
நாற்பத்தேழு என்று ஒரு தகடு தருவார்கள்,
டிக்கெட் மாதிரி.

ஹங்கேரியப் படம்.
முன்வரிசைப் பெண்மணி
கம்பளித் தொப்பியைக் கழற்றவேயில்லை.
கீழே ஓடிய எழுத்தெல்லாம்
அதற்குள் விழுந்துகொண்டிருந்தது.

சமையலறையில் ஒருத்தி
உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள்.
வாசலில் ஒருவன், கையில் பெட்டி,
நீளமாக ஏதோ சொல்கிறான்.
கடன் அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.
அவள் ஒரே சொல்லில் பதில் தந்தாள்.
அதற்கு மட்டும்
எனக்குத் தமிழ் கிடைக்கவில்லை.

விளக்கு வந்தது.
கதவடியில் சீருடையோடு தவரூபன்.
முதல் பத்து நிமிடம் எட்டிப் பார்த்தவன்,
மிச்சம் முழுக்க
சுவருக்கு அப்பால் சத்தமாகக் கேட்டவன்.

"அண்ணை, அந்தப் பெட்டிக்காரன் போயிட்டானோ?"

தொப்பி எங்களைக் கடந்து நடந்தது.

"இல்லை" என்றேன்.
"பெட்டியை உள்ளே வைக்கச் சொன்னாள்.
கிழங்கு அவிச்சுச் சாப்பிட்டினம்."

"கடைசியில கதவு அடிச்சுச் சாத்தினது கேட்டுதே?"

தகட்டை நீட்டினேன்.
கோட்டின் ஒரு கை உள்ளே போக மறுத்தது.

"அது, தம்பி,
குளிருக்குச் சாத்தினது."