ஆறு உருப்படி

பெட்டியைத் திறந்ததும் காடி வாசனை.
நாடா பழசு என்பதற்கு அது சாட்சி.
போலி செய்பவன் நாற்றத்தைச் செய்ய மாட்டான்
என்று எழுதி, பிறகு அடித்தேன்.
செய்பவர்கள் எதையும் செய்வார்கள்.

கொண்டுவந்தவர் ரூபஸ், வெளிப்பாளையம்.
அப்பா சூசைநாதன் நாகப்பட்டினம் துறைமுகத்தில் சுங்க எழுத்தர்.
ஒன்பதரைக்கு மேல் கடல் தாண்டி வரும் கொழும்பு வானொலியில்
ஏதோ ஹோட்டல் மேடையிலிருந்து நேரடியாக வந்த ஜாஸை
ரேடியோவின் வாயில் மைக்கை வைத்துப் பிடித்தாராம்.
இதுவரை எங்கும் வெளிவராதது.
வாங்க லிஸ்பனில் ஆள் இருக்கிறது.
ஆளுக்கு வேண்டியது ஒரு காகிதம்,
கீழே என் கையெழுத்து.

அட்டையில் நீல மசி:
‘ஆடிப்பெருக்கு ராத்திரி. ஆறு உருப்படி.’
வருடம் இல்லை.
அறிவிப்பாளர் புதன்கிழமை என்கிறார்.
பழைய பஞ்சாங்கங்களில் ஆடிப் பதினெட்டு
அந்தப் பத்தாண்டில் இரண்டு தடவைதான் புதனில் விழுந்தது.
இரண்டாவது பாட்டுக்குப் பின்னால், தெருவில்,
தூங்கப் போகாத ஏதோ ஒரு பிள்ளை
சப்பரத்தட்டியைக் கல்லில் இழுத்துக்கொண்டு போகிறது.
சரி, ஆடிப்பெருக்குதான்.
எந்த ஆடி?

மூன்றாவதில் சாக்ஸபோன் மேலேறும் இடம்.
திடீரென்று சுருதி கொஞ்சம் தூக்கி நிற்கிறது.
வாசித்தவர் பிசகு என்று பார்த்தால்
டிரம்மும் அவசரப்படுகிறது,
இருமுகிறவர்கூடக் கீச்சென்று இருமுகிறார்.
பதிவு செய்யும்போது மோட்டார் தளர்ந்திருக்கிறது.
மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற கலியமூர்த்தி சொன்னார்:
“ஐஸ் பேக்டரி கம்ப்ரஸரைப் போட்டா
நம்ம தெரு பல்பெல்லாம் செவந்து போயிடும் சார்.”
பேக்டரி வந்தது
முதல் புதனுக்குப் பின், இரண்டாவது புதனுக்கு முன்.
அன்றிரவு ஒரு டம்ளர் டீ கூடுதலாகக் குடித்தேன்.

ஐந்தாவது முடிகிறது. கைதட்டல்.
கடல் அலைவரிசையை விழுங்கி,
துப்பி, மறுபடி விழுங்குகிறது.

ஆறாவதில் கடல் இல்லை.
இரைச்சல் இல்லை, அறிவிப்பு இல்லை, கொழும்பே இல்லை.
ஒரு அறை. ஒரு கிளாரினெட்.
சற்றுமுன் கேட்ட மெட்டை நினைவிலிருந்து தொட்டு,
நான்காவது சுரத்தில் இடறி,
மறுபடி முதலிலிருந்து.
இந்தத் தடவை இடறிய இடத்திலேயே நின்று, அங்கிருந்து திரும்பி
வேளாங்கண்ணித் தேர்பவனியில் பேண்டுக்காரர்கள் நடக்கிற நடைக்குள்
நைஸாக இறங்கிவிடுகிறது.
கொழும்பு மேடையில் யாருக்கும் தெரியாத நடை.

முதல் மூச்சுக்கு முன்னால், மூன்றாவது விநாடியில்,
கண்ணாடி வளையல்.

ரூபஸைக் கூப்பிட்டேன்.
“வீட்ல கிளாரினெட் யார் வாசிப்பா?”
“யாரும் இல்லையே. அம்மாவோட அப்பா பேண்ட் மாஸ்டர்.
நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார்.”
“அம்மா பேர்?”
“எமரென்சியா.” கொஞ்சம் பொறுத்து, “ஏன்?”

என் தொழிலில் ஊகத்துக்குக் கூலி கிடையாது.
வளையலில் பெயர் பொறித்திருப்பதில்லை.
லிஸ்பன்காரர் எழுதுகிறார்:
ஆறாவதை வெட்டிவிட்டு ஐந்தை அனுப்புங்கள்,
விலையில் மாற்றமில்லை.

அறிக்கை:
ஒன்று முதல் ஐந்து, நேரடி ஒலிபரப்பு. உண்மை.
ஆறு, ஒலிபரப்பு அல்ல. உண்மை.
அதே நாடா, அதே இரவு, வெட்டும் ஒட்டும் இல்லை.
ஐஸ் பேக்டரி அதிலும் ஒருமுறை சுருதியைத் தூக்குகிறது.
வாசித்தவர்: தெரியவில்லை.
கடைசிச் சுரம் குழலில் இருக்கும்போதே ‘டக்’.
அதனால் நிறுத்தியது வேறொரு கை.

குறிப்பு:
நாடாவைப் பிரிக்க நான் பரிந்துரைக்கவில்லை.
அட்டையில் எழுதியவர் சுங்க எழுத்தர்.
உருப்படி எண்ணுவதில் அவர்கள் பிசகுவதில்லை.